பாஸ்பேட் சாமி கண்டெடுத்த விசாலைட்

சோற்றில் கல் கடிபட்டால் சந்தோஷப்பட்ட மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் பாஸ்பேட் சாமி. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு ஏதோ உண்டு. ஆனால் மூணாறு மலையில் சின்னக்கானலிலிருந்து சூரியநெல்லி வரைக்கும் அந்தப் பெயரைச் சொல்லி யாரைக் கேட்டாலும் அப்படி ஒருவரைத் தெரியாது என்பார்கள். பாஸ்பேட் சாமி என்று கேட்டால் கொழுந்து பறிக்கிறவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு வழி காட்டுவாள்.

ஐம்பதுகளின் தொடக்கம். நான் பாலக்காட்டுப் பக்கம் கொல்லங்கோட்டிலிருந்து மலையேறிப் போய் ஒரு டீ எஸ்டேட் ஆபீசில் குமாஸ்தாவாகச் சேர்ந்திருந்தேன். சாமிக்கு அங்கே உர கோடவுன் பொறுப்பு. டீச்செடிக்குப் போடுகிற பாஸ்பேட் கல்பொடி மூட்டை மூட்டையாக லாரியில் வந்து இறங்கும். அதை வாங்கி அடுக்கி மழையில் நனையாமல் காப்பாற்ற வேண்டும். சாமி பாலக்காட்டுக் கல்பாத்தி அக்ரஹாரத்தில் பிறந்து, கெமிஸ்ட்ரி படித்துப் பட்டம் வாங்கினவர். மூட்டையைக் காக்கப் பட்டம் எதற்கு என்று கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார். "வாட்ச்மேன் மூட்டையைப் பாக்கறான். நான் மூட்டைக்குள்ள இருக்கறதைப் பாக்கறேன். மனசிலாச்சா?" என்பார். மனசிலானாலும் ஆகாவிட்டாலும் தலையை ஆட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் மூட்டையைப் பிரித்துக் காட்டுவார்.

அவர் தோளில் எப்போதும் ஒரு காக்கிப் பை தொங்கும். உள்ளே சின்னச் சுத்தியல், பேனாக் கத்தி, மெருகு போடாத பீங்கான் ஓடு, ரப்பர் மூடி போட்ட ஆசிட் புட்டி. கண்ணில் படுகிற எந்தக் கல்லையும் சும்மா விட மாட்டார். முதலில் நிறம் பார்ப்பார். பிறகு ஓட்டில் உரசி, விழுகிற கோட்டின் நிறம் பார்ப்பார். கத்தியால் கீறுவார். நக்குவார். கடிப்பார். கடைசியாக ஒரு சொட்டு ஆசிட் விடுவார். எல்லாச் சோதனையும் முடிந்தால்தான் அவருக்கு அன்றைக்குக் காபி இறங்கும்.

"ஏனுங்க சாமி, மத்ததெல்லாம் சரிங்க. கல்லை எதுக்குங்க கடிக்கறீங்க?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"கண்ணு ஏமாத்தும், கை ஏமாத்தும். பல்லு ஏமாத்தாது. களிமண்ணுக்கும் நைஸ் மணலுக்கும் வித்யாசம் பல்லுக்கு மாத்ரமாக்கும் தெரியும். நீயும் ஒண்ணு கடிச்சுப் பாரேன், எடா வேலு."

நான் கடிக்கவில்லை. எங்கள் வீட்டில் பல் இருக்கிற வரைக்கும் முறுக்குத் தின்பதுதான் வழக்கம்.

ரேஷன் அரிசிச் சோற்றில் கல் அகப்பட்டால் நாங்களெல்லாம் ரேஷன்காரனின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டுவோம். சாமி கையைத் தூக்கி எங்களை அடக்குவார். வாயிலிருந்து கல்லை எடுத்துக் கழுவி வெளிச்சத்தில் பிடிப்பார். "குவார்ட்ஸ்! விளிம்பு மழுங்கவே இல்லை பாரு. ஆத்து மணல் இல்லை இது, களத்துலேயே கலந்ததாக்கும்!" என்பார். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. அடுத்த நிமிஷம் அந்தக் கல்லை ஜன்னல் வழியாக எறிந்துவிடுவார். அதுதான் அவர் குணம். பெயர் தெரிந்துவிட்டால் அந்தக் கல்மேல் இருந்த ஆசை போய்விடும். பெயர் தெரியாத கல் மட்டும் பத்திரமாக வீட்டுக்குப் போகும்.

சூரியநெல்லி மாதா கோயிலுக்குப் புதிதாக மார்பிள் படி போட்டார்கள். கோயில் காரியங்களைப் பார்த்துக்கொள்கிறவர் எங்கள் எஸ்டேட் அந்தோணிக் கங்காணி. திருநெல்வேலிப் பக்கத்து மனிதர், நல்ல உயரம், அதைவிடப் பெரிய மீசை. திருவிழாவுக்குச் சாமியையும் கூப்பிட்டிருந்தார். சாமி போனார். கும்பிட்டார். குனிந்தார். பையைத் திறந்தார். படி சுர்ரென்று பொங்கியது.

"என்ன காரியம் செஞ்சிட்டீய சாமி! புதுப் படி பொங்குதே!" என்று கங்காணி மீசை துடிக்க ஓடி வந்தார்.

"பொங்கணும் ஓய்! பொங்கலேன்னாதான் நீங்க ஏமாந்தேள்னு அர்த்தம். அசல் மார்பிளாக்கும் இது. கடைக்காரன் யோக்யன்."

கங்காணி குனிந்து படியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு மீசையைத் தடவிக்கொண்டு, "பாத்தியளா, நம்ம படி அசலாம்லா!" என்று கூட்டத்துக்கு அறிவித்தார். அந்த வருஷம் பக்கத்து எஸ்டேட்டுக் கோயில்காரர்கள் தங்கள் படியையும் சோதிக்கச் சொல்லிச் சாமிக்கு ஆள் அனுப்பினார்கள். அங்கே படி பொங்கவில்லை. அந்தச் சண்டை தனிக் கதை.

சாமி வீட்டில் மட்டும் இந்த விளையாட்டு எடுபடவில்லை. அவர் சம்சாரம் விசாலம் மாமி. நல்ல நிறம், வெட்டொன்று துண்டு இரண்டாகப் பேசுகிற வாய், தெய்வத்தின் கை. பக்கத்து வீட்டுப் பிரம்மச்சாரி என்ற உரிமையில் நான் அந்தக் கைச் சமையலைச் சாப்பிட்டுத்தான் மலைக்குளிரைத் தாங்கினேன். அந்த வீட்டில் கட்டிலுக்கு அடியில் கல், அலமாரியில் கல், அரிசிப் பானைக்குப் பின்னால் கல். பூஜை அலமாரியில் சாளக்கிராமத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கறுப்புக் கல் உட்கார்ந்திருந்தது. மாமி அதற்கும் சேர்த்துத் துளசி போட்டு வந்தாள். ஒருநாள் அது என்ன மூர்த்தி என்று கேட்டபோதுதான், "தெரியலை. தெரியாததுகொண்டுதான் பத்திரமா அங்கே வெச்சேன்" என்று சாமி சொன்னார். அன்றைக்கு எனக்குக்கூட ரசம் கொஞ்சம் காரமாகத்தான் கிடைத்தது.

பிறகு உப்புப் பரணி விவகாரம் வந்தது. பாலக்காட்டில் ஜாடிக்குப் பரணி என்று பெயர். நானும் சாமியும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம்.

"ஏன்னா, நாலு நாளா உப்பைப் போட்டுண்டே இருக்கேன், ரசத்துல ஏறவே மாட்டேங்கறதே?" என்று உள்ளேயிருந்து மாமி கேட்டாள்.

சாமிக்கு முகம் மாறியது. "எந்தப் பரணி?"

"அடுப்பண்டை இருக்கறது."

"அய்யய்யோ, அது உப்பில்லை!"

"பின்னே என்ன?"

"அதைத்தான் பாத்துண்டிருக்கேன். கல்லுப்பொடியாக்கும், கால்சைட்டா இருக்கலாம். டோலமைட்டாவும் இருக்கலாம்." சாமி எழுந்து போய் ஒரு கரண்டி ரசத்தை வாயில் விட்டுச் சப்புக்கொட்டினார். "புளிப்பு கொறஞ்சிருக்கு, கேட்டியா! புளியோட சேர்ந்து பொங்கியிருக்கு. அப்போ கால்சைட்டாத்தான் இருக்கணும். இருந்தாலும் சித்த சந்தேகம்."

மாமி கரண்டியைக் கீழே வைத்தாள். சத்தமே இல்லாமல் வைத்தாள். அந்தச் சத்தமின்மையில் எனக்குச் சாதம் இறங்கவில்லை.

மறுநாள் காலையில் பெட்டி வாசலில் இருந்தது. "ஒங்களோட நேக்குச் சண்டை இல்லை" என்றாள் மாமி. "கல்லோடயும் சண்டை இல்லை. தெரிஞ்ச கல்லைத் தூக்கி எறியறேள், தெரியாததை ஆத்துல கொண்டு வந்து வெக்கறேள். என்னதுன்னு கேட்டா இருக்கலாம், பாக்கணும், சந்தேகம். நாலு நாளா என் வயித்துக்குள்ள போனது என்னன்னு கூட ஒங்களால சொல்ல முடியலை. பேர் தெரியாதவாளையெல்லாம் வெச்சுண்டு குடித்தனம் பண்ண நேக்கு முடியாது. இந்த ஆத்துல இருக்கற ஒரு கல்லுக்காவது சந்தேகமில்லாமப் பேரைச் சொல்லும்போது சொல்லி அனுப்புங்கோ. வரேன்."

அப்போது நாங்கள் இருந்தது திருவிதாங்கூர்-கொச்சி. கல்பாத்தி மதராஸ் ராஜ்யம். மூணாறு, மறையூர், உடுமலை, பொள்ளாச்சி என்று பஸ் மாறி மாறி மாமி ராஜ்யம் தாண்டிப் போய்விட்டாள். அன்று சாயங்காலம் சாமி கோடவுன் வாசலில் கிடந்த ஒரு கல்லைத் தாண்டி, அதைப் பார்க்காமலே நடந்து போனார்.

அதற்குப் பிறகு சமையல் சாமியுடையது. பீக்கரில் ரசம் வைப்பார். புளியைத் தராசில் நிறுப்பார். எல்லாம் கணக்காக இருக்கும், வாயில்தான் வைக்க முடியாது. அந்த ரசத்தைக் குடித்த நாக்குக்குத்தான் தெரியும், மாமி திரும்பி வர வேண்டும் என்று நான் எத்தனை தெய்வத்தை வேண்டினேன் என்று. மாதா கோயிலையும் விடவில்லை.

"இங்கே இருக்கற ஏதாவது ஒரு கல்லுக்கு ஒரு பேரைச் சொல்லி அனுப்பிருங்களே சாமி. மாமிக்கு என்னங்க தெரியப் போகுது?" என்று பார்த்தேன்.

"நேக்குத் தெரியுமே" என்றார். பிறகு பீக்கரை ஓரமாக நகர்த்திவிட்டு ஆரம்பித்தார். "சாதாரணக் கல்லுக்குப் பேர் சொல்லி அவளைக் கூப்பிடப்படாது. அவ கோபத்துக்குத் தக்கதா ஒண்ணு வேணும். கேட்டுக்கோ. கல்லுகளைப் படிச்சவா வர்க்கம் வர்க்கமாப் பிரிச்சு வெச்சிருக்கா. கார்பனேட் உள்ளது ஒரு வர்க்கம். மார்பிள், சுண்ணாம்புக்கல்லு எல்லாம் அதுல வரும். ஆசிட் பட்டா பொங்கும். பாஸ்பேட் உள்ளது வேற வர்க்கம். மாலிப்டேட் மருந்துல மஞ்சளாகும். ரெண்டு குணமும் ஒண்ணாச் சேர்ந்த கல்லு ரொம்ப அபூர்வம். நம்ம மூட்டைப் பொடியில ரெண்டும் கொஞ்சம் உண்டு. ஆனா அது முகமில்லாத சரக்கு. கெட்டியா, வரிவரியா, கையில பிடிக்கறாப்பல ஒண்ணு வேணும். பொங்கவும் வேணும், மஞ்சளாகவும் வேணும்."

"அப்படிக் கிடைச்சா எந்த வர்க்கத்துல சேத்துவாங்க?"

"அதாக்கும் சண்டை! கார்பனேட்காரன் எங்காளு இல்லைம்பான். பாஸ்பேட்காரனும் கையை விரிப்பான். பாலக்காட்டுத் தமிழன் கதிதான். திருச்சூர் போனா பாண்டிங்கறா, கோயமுத்தூர் போனா மலையாளத்தாங்கறா. அப்படி ஒரு கல்லு இந்த மலையில எங்கேயோ அநாதையாக் கெடக்கு, எடா. நான் அதைக் கண்டுபிடிக்கறேன், பேர் வெக்கறேன், அவளைக் கூப்பிடறேன்."

மலையே அவருக்கு இரங்கியதோ என்னமோ, கல் கிடைத்தது. கிடைத்த இடம்தான் கொஞ்சம் வில்லங்கம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூலிகள் குடியிருக்கிற லயத்துக்குக் கீழே ஓடையோரமாக நடந்துகொண்டிருந்தோம். அந்தோணிக் கங்காணியின் சம்சாரம் ஞானம்மா பாறையில் உட்கார்ந்து குதிகாலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கையில் ஒரு பழுப்பு மஞ்சள் கல், செங்கல்லில் பாதி இருக்கும். மேலே வரிசை வரிசையாக மேடு. சாமி அப்படியே நின்றுவிட்டார். தண்ணீரில் இறங்கினார். "தாயே, சித்த குடுங்கோ" என்று வாங்கினார். பார்த்தார், உரசினார், கத்தியால் கீறினார். கத்தி இறங்க மறுத்து வழுக்கியது. உடனே நக்கினார்.

"ஐயோ சாமி! அது எங்கால் தேய்க்கிற கல்லு!" என்று ஞானம்மா அலறினாள்.

"நாக்குல ஒட்டறது எடா! சாதாரணக் கல்லு ஒட்டாதாக்கும்!" என்று சாமி தண்ணீரில் குதித்தார். அவர் காதில் வேறொன்றும் விழவில்லை.

ஞானம்மா லேசில் விடுகிற ஆளில்லை. ஓடை மணலில் அவளே தோண்டி எடுத்த கல், அதைப்போல் வேறொன்று தேய்க்காது, அவளுடைய பித்தவெடிப்புக்கு அதுதான் வைத்தியம். "சோதனை முடிஞ்சதும் திருப்பித் தந்துரணும், பாத்துக்கிடுங்க" என்றாள். மாதா கோயில் மார்பிள் படிமேல் சத்தியம் செய்துவிட்டுச் சாமி கல்லைக் கொண்டு வந்தார்.

கோடவுனில் சோதனை நடந்தது. ஓரத்தில் ஒரு சில்லைப் பெயர்த்து ஆசிட்டில் போட்டார். சூடாக்காத ஆசிட்டில் சோம்பேறித்தனமாக ஒன்றிரண்டு குமிழி. ஆசிட்டைக் கொஞ்சம் சூடு காட்டினார். குமிழி சரம் சரமாகக் கிளம்பியது. கார்பனேட்! மண் சோதிக்கக் கம்பெனி கொடுத்திருந்த மாலிப்டேட் மருந்தைக் கலந்தார். கண்ணாடிக் குழாயின் அடியில் மஞ்சளாக, கல்யாண அட்சதை போல ஒரு மஞ்சளாக, படிந்தது. பாஸ்பேட்! சாமி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு மூட்டைகளுக்கு நடுவே சுற்றிச் சுற்றி ஆடினார். தும்மித் தும்மி எனக்கு உயிர் போயிற்று.

"புதுக் கல்லுக்குக் கண்டுபிடிச்சவன் பேர் வெக்கலாம். கடைசியில ஒரு ஐட் சேர்க்கணும், அவ்வளவாக்கும். நான் யோசிச்சு வெச்சுட்டேன்" என்றார். வெட்கப்பட்டார். அந்த வயதில் அப்படி ஒரு மனிதர் வெட்கப்பட்டு நான் பார்த்ததில்லை. "விசாலைட்."

உர லாரி டிரைவர் மூலமாகக் கல்பாத்திக்குச் சொல்லி அனுப்பினார். கல்லுக்குப் பேர் கிடைத்துவிட்டது, புறப்பட்டு வா. பேர் என்ன என்பதைச் சொல்லக்கூடாது என்று டிரைவரிடம் கண்டிப்பு. இதற்குள் விஷயம் எங்கள் துரையின் காதுக்குப் போனது. துரை வெள்ளைக்காரர். கூலிகளிடம் கற்ற தமிழைக் கவர்னரிடம் பேசுவதுபோல் பேசுவார். "நம்ம மலையிலே பாஸ்பேட்டா? ரொம்ப நல்லது!" என்று, உரம் விற்கிற கம்பெனியின் கல் நிபுணருக்குச் சொல்லி வரவழைத்துவிட்டார். நிபுணர் நாளை காலை வருகிறார் என்று தகவல். மாமியும் இன்று மாலை வருகிற லாரியில் வருகிறாள் என்று தகவல். என் நாக்கில் அப்போதே ரசம் ஊறியது.

சாமிக்கு மட்டும் ஒரு குறை. எல்லாச் சோதனையும் ஆகிவிட்டது, கடிக்கிற சோதனை பாக்கி. சந்தோஷத்தில் அதை விட்டிருந்தார். "நிபுணர் கேட்டா என்ன சொல்றது?" என்றார்.

"எந்த நிபுணருங்க சாமி அதைக் கேப்பாரு?"

"கேக்கலேன்னா அவர் நிபுணரில்லை."

கல்லில் இன்னொரு சில்லைப் பெயர்த்தார். கடைவாயில் வைத்தார். கடக்கென்று ஒரு சத்தம். நான் கல் உடைந்தது என்றுதான் நினைத்தேன். சாமி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்.

டிஸ்பென்சரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். உடைந்து ஆடிக்கொண்டிருந்த பல்லைக் கம்பவுண்டர் பிடுங்கி, குப்பைத் தகரத்தில் போடப் போனார். வாய் நிறையப் பஞ்சோடு சாமி, "ம்ம்! ம்ம்!" என்று கையை நீட்டினார். வாங்கினார். கையில் ஒரு பொருள் வந்துவிட்டால் அப்புறம் அவரை யார் தடுப்பது? கோடவுனுக்குத் திரும்பியதும் நிறம் பார்த்தார். ஓட்டில் உரசினார். பல்லால் கல்லைக் கீறினார், கல்லால் பல்லைக் கீறினார். இரண்டுக்கும் சரிக்குச் சரி. சூடான ஆசிட்டில் ஒரு துணுக்கைப் போட்டார். சரம் சரமாகக் குமிழி. மாலிப்டேட் மருந்து ஊற்றினார்.

மஞ்சள்.

சாமி அந்தக் கண்ணாடிக் குழாயைப் பார்த்தார். மேஜைமேல் இருந்த கல்லைப் பார்த்தார். அதன் வரிவரியான மேட்டைத் தடவினார். எனக்கு இன்னும் உறைக்கவில்லை. "உங்க பல்லும் விசாலைட்டுங்களா சாமி?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"இல்லை எடா" என்றார் பஞ்சுக்கு நடுவே. "விசாலைட்டும் பல்லாக்கும்."

இத்தனை பெரிய பல் யாருக்கு என்று நான் கேட்கவில்லை. எங்கள் மலையில் சாயங்காலமானால் டீச்செடிக்கு நடுவே நடந்து வருகிற பெரியவர்களை நான் தினம் பார்க்கிறவன். எந்தக் காலத்திலோ செத்துப்போன ஒரு யானையின் கடைவாய்ப் பல். அந்த யானையின் பல்லைத்தான் ஞானம்மா காலில் தேய்த்தாள், சாமி நாக்கால் நக்கினார், அதற்காகத்தான் நான் தும்மித் தும்மி ஆடினேன்.

"சாமி, உங்க காலைப் புடிச்சுக்கறனுங்க. யாருகிட்டயும் சொல்லாதீங்க. மாமி வந்து பெட்டியைப் பிரிக்கட்டும். நிபுணர் வந்து பாத்துட்டுப் போகட்டும். அப்புறம் சொல்லிக்கலாம்" என்று கெஞ்சினேன். அவர் தன் பல்லைக் காகிதத்தில் மடித்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

பொழுது சாய்கிற நேரத்தில் லாரி வந்தது. முன்சீட்டில் டிரைவருக்குப் பக்கத்தில்தான் மாமி உட்கார்ந்து வந்தாள். ஆனாலும் மலைவளைவுகளில் மூட்டைப் பொடியெல்லாம் முன்னால் பறந்து, தலை, புருவம், பெட்டி எல்லாம் வெள்ளை. சாமியின் ஜென்மத்துக்கு ஏற்றபடி பாஸ்பேட்டாகவே வந்து இறங்கினாள்.

"எங்கே அந்தக் கல்லு?" என்பதுதான் முதல் வார்த்தை. சாமி கையைக் காட்டினார். மாமி கிட்டே போய்ப் பார்த்தாள். தொட்டாள். "கிராமம் பூரா சொல்லிட்டு வந்திருக்கேன். எங்காத்துக்காரர் ஒலகத்துல இல்லாத கல்லைக் கண்டுபிடிச்சிருக்கார்னு. ஒருத்தருக்கும் வாயைத் திறக்க முடியலை" என்றாள். குரலில் பெருமை வழிந்தது. தலைகுனிவு இனி இங்கே மட்டுமில்லை, இன்னொரு ராஜ்யம் வரைக்கும். சாமி அன்று இரவு முழுக்க வாயைத் திறக்கவில்லை. பல்வலி என்று நான் சமாளித்தேன். மாமி பெட்டியைப் பிரிக்காமல் சுவரோரம் வைத்திருந்ததை மட்டும் கவனித்தேன்.

காலையில் கோடவுனுக்கு முன்னால் திருவிழாக் கூட்டம். துரை தொப்பியோடு வந்தார். கங்காணி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூட்டத்தை ஒதுக்கினார். ஞானம்மா கல்லைத் திருப்பி வாங்க வந்திருந்தாள். மாமி கூஜாவில் காபியோடு கதவோரம் நின்றாள். நிபுணர் இளவயசு, கோட்டுப் போட்டவர், புதுத் தோல் பெட்டி. பெட்டியைத் திறந்து அவரும் உரசினார், கீறினார், ஆசிட் விட்டார், மருந்து ஊற்றினார். மஞ்சள் படிந்ததும் அவர் முகம் காதுவரை சிவந்தது.

"சார், அபூர்வம்! பாஸ்பேட்டும் கார்பனேட்டும்! இப்படி வரிவரியா நான் பார்த்ததே இல்லை!" என்றார். "பேர் வச்சிருக்கீங்களாமே?"

"விசாலைட்!" என்று துரை முந்திக்கொண்டார். "சாமி சம்சாரம் பேரு! பொம்பளை பேரு கல்லுக்கு! ரொம்ப நல்லது!"

கூட்டம் முழுக்கத் திரும்பி மாமியைப் பார்த்தது. கல்யாணத்தன்று கூட அந்த முகம் அப்படிச் சிவந்திருக்காது. சாமி, தயவுசெய்து வாயைத் திறக்காதீர்கள் என்று நான் மனசுக்குள் கத்தினேன். இனி எல்லாம் சுபம். ஒரு வார்த்தை பேசாமலிருந்தால் போதும்.

சாமி சட்டைப்பையில் கைவிட்டு ஒரு பொட்டலத்தை எடுத்தார். நிபுணரிடம் நீட்டினார். வாயைத் திறக்காமல், இதையும் பாருங்கள் என்று சைகை செய்தார்.

நிபுணர் அந்தத் துண்டையும் உரசினார். ஆசிட்டில் ஒரு துணுக்கு, மருந்தில் ஒரு துணுக்கு. துள்ளிக் குதித்தார். "இதுவும் அதேதான் சார்! அச்சு அசல் அதே! அப்படின்னா இந்த மலை முழுக்க இருக்கு! இது எங்கே கிடைச்சது? எந்த ஓடையில?"

சாமி வாயைத் திறந்தார். அகலமாகத் திறந்தார். ஆள்காட்டி விரலால் கடைவாயில் இருந்த ஓட்டையைக் காட்டினார்.

"இங்கே" என்றார்.

"இது என்னோட பல்லு. அது ஆனையோட பல்லு. பெரிசு சிறிசுங்கறதைத் தவிர ஒரு வித்யாசமும் இல்லை. நேத்திக்குச் சாயங்காலம்தான் நேக்கு மனசிலாச்சு. எல்லாரும் மாப்பு தரணும்" என்றார் சாமி.

முதலில் சிரித்தது கங்காணி. "அதான பாத்தேன்! அம்மாம் பெரிய வாயி நம்ம மலையில அவுகளுக்கு மட்டும்லா உண்டு!" என்று காட்டுப் பக்கம் கும்பிடு போட்டார். பிறகு லயமே உருண்டது. துரை, "பல்லா? பல்லா?" என்று தொப்பியைக் கழற்றி மாட்டிக் கழற்றி, விடுவிடுவென்று பங்களாவுக்கு நடந்தார். நிபுணர் கையிலிருந்த பல்லைச் சாமியிடம் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பெட்டியை மூடினார். ஞானம்மா வந்து, "பல்லுன்னா என்ன சாமி, நல்லாத் தேய்க்குது. தாங்க" என்று தன் கல்லை வாங்கிக்கொண்டு போனாள்.

மாமி மட்டும் சிரிக்கவில்லை. கூஜாவைக் கீழே வைத்தாள். சத்தமில்லாமல் வைத்தாள். எனக்கு உப்புப் பரணி நாள் ஞாபகம் வந்தது.

"ஆனைப்பல்லுக்கா என் பேரை வெச்சேள்?"

"தெரியாம வெச்சதாக்கும்" என்றார் சாமி. "ஒலகத்துலேயே அபூர்வமான கல்லுன்னு நெனச்சேன். அபூர்வமானதுக்கு வேற யார் பேரை வெக்கறது, சொல்லு?"

மாமி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நிச்சயமா அது ஆனைப்பல்லுதானா?"

"நிச்சயமா."

"இருக்கலாம் இல்லையே? சித்த சந்தேகம், அது இது?"

"ஒரு சந்தேகமும் இல்லை. எல்லாச் சோதனையும் ஆச்சு."

"கல்யாணமானதுலேந்து இன்னிக்குத்தான் ஒண்ணுக்குத் தீர்மானமாப் பேர் சொல்லியிருக்கேள்" என்றாள் மாமி. "சரி. ஆத்துல உப்பு இருக்கா? அசல் உப்பு?"

அன்று மத்தியானம் நான் சாப்பிட்ட ரசத்தைப் பற்றி எழுதினால் இந்தப் பத்திரிகையில் பக்கம் போதாது.

சும்மா இருந்திருந்தால் பேரும் புகழுமாக முடிந்திருக்குமே, எதற்காகச் சொன்னீர்கள் என்று பிறகு ஒருநாள் கேட்டேன். "பல்லு ஏமாத்தாதுன்னு நான்னா சொன்னேன்? நான் மட்டும் ஏமாத்தறதா?" என்றார். பெயர் தெரிந்தும் அவர் தூக்கி எறியாமல் வைத்திருந்தது அந்த ஒன்றைத்தான். கடிப்பதற்காகப் பெயர்த்த சில்லும் அவருடைய பல்லும் மாமியின் பழைய குங்குமச் செப்பில் ஒன்றாகக் கிடந்தன. ஒரே வர்க்கம் என்று மாமிதான் சேர்த்து வைத்தாளாம். பூஜை அலமாரியில், அந்தப் பெயர் தெரியாத கறுப்புக் கல்லுக்குப் பக்கத்தில். அந்தச் செப்புக்கும் துளசி விழுந்துகொண்டுதான் இருந்தது.

போன மாதம் என் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கினார்கள். டாக்டர் குப்பையில் போடப் போனார், பிடிவாதமாகக் கேட்டு வாங்கி வந்தேன். குளியலறை கழுவுகிற ஆசிட்டை ஒரு கிண்ணத்தில் விட்டு வெந்நீரில் வைத்தேன். "பல்லுப் போனதும் புத்தியும் போச்சுங்களா?" என்று என் சம்சாரம் பின்னால் நின்று கத்திக்கொண்டிருந்தாள். நான் பல்லை உள்ளே போட்டுவிட்டுக் குனிந்து பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் குமிழி சரம் சரமாகக் கிளம்பியது. வேலை முடிந்து கல்பாத்திக்கே திரும்பிய சாமியும் மாமியும் போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிறது. இருந்திருந்தால் அன்றைக்கே கல்பாத்திக்கு ஒரு கார்டு போட்டிருப்பேன்: சாமி, நானும் உங்கள் வர்க்கம்தானுங்க.